ஆபீஸ் கட்டிடம் சம்பளம் வாங்காம பார்த்த வேலைகள்

ரிமோட் வொர்க்னு பேச்சு எடுத்தாலே உடனே ரெண்டு கட்சி ஆயிடுது. "வீட்ல இருந்தா எவன் வேலை பாக்குறான், துணி மடிச்சிட்டு டிவி பாத்துட்டு இருப்பான்"னு ஒரு கூட்டம். "ஆபீஸுக்குக் கூப்பிடறதே மேனேஜர் அதிகாரம் காட்டத்தான்"னு இன்னொரு கூட்டம். நடுவுல யாராவது வந்து "கம்பெனி கல்ச்சர் முக்கியம் பாஸ்"னு ஒண்ணு போடுவாங்க, அதுக்கு ஒருத்தர் "வொர்க் லைஃப் பேலன்ஸ் அதைவிட முக்கியம்"னு பதில் போடுவாரு, அதோட சண்டை எங்கேயோ போயிடும். இந்த மூணு வார்த்தைக்கும் என்ன அர்த்தம்னு தனித்தனியா கேட்டுப் பாருங்க, ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க.

நான் சில வருஷமா ரிமோட்ல இருக்கேன். ஆரம்பத்துல நானும் முதல் கட்சியா ரெண்டாவது கட்சியான்னு மாறி மாறி நின்னிருக்கேன். இப்ப எனக்குத் தோணறது, ரெண்டு பேருமே இடத்தைப் பத்தி சண்டை போடறாங்க, ஆனா அந்த இடம் இத்தனை வருஷமா சத்தமில்லாம என்னென்ன வேலை செஞ்சுட்டு இருந்ததுன்னு யாரும் பாக்கறதில்ல. அங்கிருந்து ஆரம்பிச்சா மத்ததெல்லாம் தானா புரியும்.

## முதல்ல பேர் குழப்பத்தை முடிச்சிடுவோம்

ரிமோட் வொர்க்னா உங்க வேலை ஒரு குறிப்பிட்ட கட்டிடத்துக்குக் கட்டுப்படாம இருக்கறது, அவ்ளோதான். எங்க உக்காந்து பாக்கறீங்கங்கறது உங்க பாடு. வொர்க் ஃப்ரம் ஹோம் அதுல ஒரு வகை. வாரத்துல சில நாள் ஆபீஸ், சில நாள் வீடுன்னா அதுக்குப் பேரு ஹைப்ரிட்.

இது ஏதோ 2020ல பொறந்த மாதிரி பேசறாங்க. ஜாக் நில்ஸ்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர் 1973லயே இதுக்கு "டெலிகம்யூட்டிங்"னு பேரு வெச்சிட்டாரு. அவரோட கவலை ட்ராஃபிக். ஆளைத் தூக்கிட்டுப் போய் வேலை இருக்கற இடத்துல போடறதுக்குப் பதிலா வேலையை ஆள் இருக்கற இடத்துக்கு அனுப்பினா என்னன்னு யோசிச்சாரு. அவரு அப்ப சொன்னதுகூட நேரா வீட்டை இல்ல, வீடுகளுக்குப் பக்கத்துல சின்னச் சின்ன கிளை ஆபீஸ்கள்.

2020ல நடந்ததை ரிமோட் வொர்க்கோட பரீட்சையா எடுத்துக்கறதும் சரியில்லன்னு நினைக்கறேன். ஸ்கூல் மூடியிருக்கு, குழந்தைங்க பக்கத்துல, மேஜை கிடையாது, வெளிய போக பயம். வெள்ளத்துல அடிச்சிட்டுப் போறவனைப் பாத்து நீச்சல் ஸ்டைலுக்கு மார்க் போட்ட மாதிரி அது.

## கட்டிடம் அப்படி என்னதான் பண்ணிட்டு இருந்தது?

மொதல் வேலை, கதவு. காலைல கிளம்பறீங்க, ஒரு மணி நேரம் பஸ்ல நசுங்கறீங்க, உள்ள போறீங்க, வேலை ஆரம்பம். சாயங்காலம் பையத் தூக்கறீங்க, வெளிய வர்றீங்க, வேலை முடிஞ்சது. அந்தப் பயணம் எரிச்சல்தான், அதை நான் புகழப் போறதில்ல, ஆனா அந்த எரிச்சலான ஒரு மணி நேரத்துல உங்க மூளை "ஊழியர்"ங்கற சட்டையைக் கழட்டி "அப்பா", "மக", "ஃப்ரெண்டு"ங்கற சட்டையைப் போட்டுக்குது. ஆராய்ச்சி பண்றவங்க இந்தக் கோட்டை பவுண்டரின்னு சொல்றாங்க, அதாவது ஒரு ரோல் முடிஞ்சு இன்னொரு ரோல் ஆரம்பிக்கற எல்லை. வீட்ல லேப்டாப்பை மூடறதுக்கும் தொறக்கறதுக்கும் ரெண்டு செகண்ட், அதனால அந்த எல்லை நூல் மாதிரி மெலிசாயிடுது.

ரெண்டாவது வேலை, சாட்சி. நீங்க சீட்ல இருக்கீங்க, பாக்கறாங்க, வேலை செய்யறீங்கன்னு நம்பறாங்க. இது உண்மையான அளவுகோலே கிடையாது, சீட்ல உக்காந்து எட்டு மணி நேரமும் ஒண்ணும் பண்ணாத மகான்களை எல்லாரும் பாத்திருக்கோம். ஆனாலும் அது மேனேஜர் மனசை அமைதியா வெச்சிருந்தது.

மூணாவது வேலை, காது. பக்கத்து சீட்ல யாரோ ஃபோன்ல பேசறாங்க, அதுல உங்க ப்ராஜெக்ட் தேதி தள்ளிப் போச்சுன்னு காதுல விழுது. லிஃப்ட்ல ஒருத்தர் ஏதோ சொல்றாரு. யாரும் உங்களுக்கு மெயில் போடல, ஆனா தெரிஞ்சிடுச்சு. தாமஸ் ஆலன்னு அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருத்தர் 1970கள்ல இன்ஜினியர்களை வெச்சு இதை அளந்து பாத்தாரு, ரெண்டு பேர் சீட்டுக்கு நடுவுல தூரம் கூடக் கூட அவங்க பேசிக்கறது மடமடன்னு சரியுது. இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, அந்த சரிவு நடக்கறது ஊர் விட்டு ஊர் போனா இல்ல, சில பத்து மீட்டருக்குள்ளயே. அப்படிப் பாத்தா ஒரே கட்டிடத்துல நாலாவது மாடிக்காரனும் ரெண்டாவது மாடிக்காரனும்கூட ஒருத்தருக்கொருத்தர் பாதி ரிமோட்தான்.

சரி, இதுவரைக்கும் சொன்னது: கட்டிடம் வேலை நேரத்துக்கு எல்லை போட்டது, நீங்க இருக்கீங்கன்னு சாட்சி சொன்னது, சேதியைக் காதுல போட்டது. ரிமோட்டுக்குப் போனா கட்டிடம் போயிடும், ஆனா இந்த மூணு தேவையும் போகாது. யாராவது அதைச் செய்யணும். கம்பெனி திட்டம் போட்டுச் செஞ்சா பரவால்ல, செய்யலன்னா அந்த வேலை மொத்தமும் ஊழியர் தலைல விழும், பெரும்பாலும் ராத்திரி நேரத்துல விழும்.

## கல்ச்சர்னா என்ன? பீன் பேக் இல்ல, அது நிச்சயம்

கம்பெனி கல்ச்சர்னு சொன்னதும் நிறைய பேருக்கு ஞாபகம் வர்றது டேபிள் டென்னிஸ், வெள்ளிக்கிழமை கேம்ஸ், சுவத்துல ஒட்டின "நாம் ஒரு குடும்பம்" போஸ்டர். இதெல்லாம் கல்ச்சரோட மேல் தோல்.

நடு ராத்திரி, ஆள் இல்லாத ஜங்ஷன், சிக்னல்ல சிவப்பு விளக்கு. நிக்கணும்னு சட்டம் இருக்கு, போர்டும் இருக்கு. ஆனா அந்த ஏரியாவுக்குப் புதுசா வந்தவர் எதைப் பாத்து முடிவு பண்ணுவாரு? முன்னாடி போற வண்டி நிக்குதா நிக்கலையான்னுதான். எல்லாரும் நின்னா நிப்பாரு. எல்லாரும் போனா, ரெண்டு நாள் நின்னுட்டு, பின்னாடி இருக்கறவன் ஹார்ன் அடிக்கற அடில மூணாவது நாள் இவரும் போயிடுவாரு. போர்டுல எழுதினது ஒண்ணு, நடக்கறது ஒண்ணு.

எட்கர் ஷைன்னு ஒரு அறிஞர், இவரும் எம்ஐடிதான், 1980கள்ல இதை மூணு அடுக்கா பிரிச்சாரு. மேல கண்ணுக்குத் தெரியற பொருள்கள், பழக்கங்கள். அதுக்குக் கீழ "எங்க கொள்கை இது"ன்னு வாயால சொல்றது. அடியில, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஆனா எல்லாரும் உண்மைன்னு நம்பற விஷயங்கள். சிக்னல் கதைல சிவப்பு விளக்கு மேல் அடுக்கு, சட்டம் ரெண்டாவது, "இங்க எவனும் நிக்க மாட்டான்"ங்கறது அடி அடுக்கு. கல்ச்சரோட இன்ஜின் அந்த அடி அடுக்குலதான் ஓடுது. புதுசா சேந்தவர் மாட்டிக்காம பிழைக்க எதைக் காப்பி அடிக்கறாரோ அதுதான் அந்தக் கம்பெனியோட கல்ச்சர்னு நான் எளிமையா வெச்சுக்குவேன்.

இப்ப இது ரிமோட்ல எப்படி உருவாகுதுன்னு பாருங்க. ராத்திரி பத்தரை மணிக்கு மேனேஜர் குரூப்ல ஒரு கேள்வி போடறாரு. ஒருத்தர் ரெண்டே நிமிஷத்துல பதில் போடறாரு. மேனேஜர் அதுக்கு ஒரு தம்ஸ்அப் போடறாரு. அவ்ளோதான், சட்டம் பாஸ் ஆயிடுச்சு. மீதி எட்டு பேரும் அதைப் பாத்தாச்சு. அடுத்த தடவை நாலு பேர் பதில் போடுவாங்க. ஆறு மாசத்துல "எங்க டீம் எப்பவும் ஆன்"னு ஆயிடும், ஆனா அப்படி ஒரு ரூலை எந்த ஆளும் எந்த டாக்குமென்ட்லயும் எழுதியிருக்க மாட்டாங்க.

இதுல ஒரு சொந்தக் கதை இருக்கு. முதல் வருஷம் நான் அந்த ரெண்டு நிமிஷ ஆளாதான் இருந்தேன், பல் தேச்சுக்கிட்டே பதில் டைப் பண்ணியிருக்கேன். ஒரு வருஷம் கழிச்சு மேனேஜர்கிட்ட சாதாரணமா பேசறப்போ இதைச் சொன்னேன், அவரு அசந்து போயிட்டாரு, "ஐயோ, காலைல மறந்துடுவேன்னு அப்பவே போட்டு வெச்சேன்பா, நீ பதில் சொல்லணும்னு யாரு சொன்னா"ன்னாரு. ஒரு வருஷம்! யாருமே கேக்காத ஒரு விஷயத்தை நான் செஞ்சிருக்கேன்.

அப்புறம்தான் தெரிஞ்சுது இது என் தனிப்பட்ட கிறுக்குத்தனம் இல்லன்னு. லாரா ஜுர்ஜ், வனெசா போன்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2021ல இதை ஆராய்ஞ்சு "ஈமெயில் அவசர மயக்கம்"ங்கற மாதிரி ஒரு பேரே வெச்சிருக்காங்க. வேலை நேரம் தாண்டி மெயில் வந்தா, வாங்கறவர் இதுக்கு சீக்கிரம் பதில் வேணும்போலன்னு நினைக்கற அளவுக்கு அனுப்பினவர் எதிர்பாக்கவே இல்ல. அனுப்பறவர் "இது அவசரமில்ல, நேரம் கெடச்சப்போ பாருங்க"ன்னு ஒரு வரி சேத்துட்டா அந்த இடைவெளி குறைஞ்சுது. ஒரே ஒரு வரி. ஆபீஸ்ல இருந்தா மேனேஜர் முகத்தைப் பாத்தே அவசரமா இல்லையான்னு தெரிஞ்சிருக்கும், எழுத்துக்கு முகம் இல்ல, அதனால நாமளா ஒரு முகத்தை வரைஞ்சுக்கறோம், அதுவும் பெரும்பாலும் கோவமான முகமா வரைஞ்சுக்கறோம்.

இதே மாதிரி சாட்சி வேலையும் சில கம்பெனிகள்ல பச்சைப் புள்ளிகிட்ட போயிடுச்சு. சாட் ஆப்ல பேருக்குப் பக்கத்துல பச்சையா இருந்தா வேலை செய்யறார்னு கணக்கு. விளைவு, மவுஸைத் தானா அசைக்கற குட்டி மெஷின்னு ஒரு பொருளே விக்குது. ஒரு பக்கம் கண்காணிக்க ஒரு சாஃப்ட்வேர், இன்னொரு பக்கம் அதை ஏமாத்த ஒரு மெஷின், ரெண்டுக்கும் நடுவுல வேலைன்னு ஒண்ணு எங்கயோ கெடக்கு.

சுருக்கமா: கல்ச்சர்ங்கறது எழுதி ஒட்டினது இல்ல, எந்தச் செயலுக்குப் பாராட்டு கெடைக்குது, எதுக்கு முறைப்பு கெடைக்குதுன்னு பாத்து எல்லாரும் கத்துக்கற பழக்கம். ரிமோட்ல அந்தப் பாடம் மெசேஜ் வழியா மட்டும் நடக்குது.

## பேலன்ஸ்ங்கற வார்த்தையே கொஞ்சம் ஏமாத்து

பேலன்ஸ்னதும் தராசு ஞாபகம் வருது. ஒரு தட்டுல வேலை, ஒரு தட்டுல வாழ்க்கை, எட்டு மணி நேரம் இந்தப் பக்கம் எட்டு மணி நேரம் அந்தப் பக்கம். இந்தக் கணக்கு சும்மா வந்ததில்ல. எட்டு மணி நேரம் வேலைங்கற கோஷத்தை 1817 வாக்குலயே ராபர்ட் ஓவன்னு ஒரு பிரிட்டிஷ் ஆலை முதலாளி எழுப்பினாரு, 1919ல சர்வதேச தொழிலாளர் அமைப்போட முதல் ஒப்பந்தமே வேலை நேரத்தைப் பத்தினதுதான். நேரக் கணக்கு இன்னிக்கும் முக்கியம். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை பாக்கறதால வந்த பக்கவாதம், இதய நோய் ரெண்டுலயும் சேத்து 2016ல மட்டும் உலகத்துல சுமார் 7,45,000 பேர் இறந்ததா உலக சுகாதார அமைப்பும் அந்தத் தொழிலாளர் அமைப்பும் சேந்து 2021ல கணக்கு சொன்னாங்க.

ஆனா மணி நேரம் சரியா இருந்தும் சிலர் நொந்து போறாங்களே, அது ஏன்?

உங்க ஃபோனை எடுத்துக்கோங்க. ஸ்க்ரீன் ஆஃப், பாக்கெட்ல இருக்கு, நீங்க தொடவே இல்ல. ஆனாலும் சாயங்காலத்துக்குள்ள பேட்டரி காலி. பின்னாடி ஏதோ ஒரு ஆப் ஓடிட்டே இருந்திருக்கு. வேலையும் அப்படித்தான், லேப்டாப் மூடியாச்சு, சோஃபால உக்காந்தாச்சு, ஆனா "அந்த மெயிலுக்கு பதில் வந்திருக்குமா"ன்னு ஒரு ஆப் உள்ள ஓடுது. அந்த ஆப் நின்னாதான் சார்ஜ் ஏறும். இந்த நிறுத்தத்துக்கு டிடாச்மென்ட்னு பேரு, அதாவது உடம்பு மட்டும் இல்லாம மனசும் வேலையை விட்டு வெளிய வர்றது. சபீனா சொனென்டாக்னு ஒரு ஜெர்மன் உளவியலாளர் இதைப் பல வருஷமா ஆராய்ஞ்சவங்க. அவங்க ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பச் சொல்றது, சாயங்காலம் மனசு வேலையை விட்டு வெளிய வரலன்னா களைப்பும் மன அழுத்தமும் கூடவே வருதுங்கறது.

பகல்லயும் இதோட தம்பி ஒருத்தன் இருக்கான். ஒரு வேலையைப் பாதில விட்டுட்டு இன்னொண்ணுக்குத் தாவினா, மனசோட ஒரு துண்டு பழைய வேலைலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். சோஃபி லெராய்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2009ல இதுக்குக் கவன எச்சம்னு பொருள் வர்ற மாதிரி ஒரு பேரு வெச்சாங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சாட்டைப் பாக்கறவருக்கு நாள் முழுக்க எச்சம்தான், முழுச் சாப்பாடு கெடையாது.

இது மாசக்கணக்குல போனா வர்றதுதான் பர்ன்அவுட். இந்த வார்த்தையையும் ரொம்ப லூஸா விடறாங்க, திங்கக்கிழமை சோம்பேறித்தனத்துக்கெல்லாம் பர்ன்அவுட்ங்கறாங்க. உலக சுகாதார அமைப்பு 2019ல இதுக்கு ஒரு விளக்கம் குடுத்திருக்கு: சரியா கையாளப்படாத நாள்பட்ட வேலை அழுத்தத்தால சக்தி வத்திப் போறது, வேலை மேலயே ஒரு வெறுப்பு இல்ல விலகல் வர்றது, நம்மால முடியலங்கற உணர்வு. அவங்க இதை நோய்னு சொல்லல, வேலை சம்பந்தப்பட்ட ஒரு நிலைன்னுதான் சொன்னாங்க. அதனாலதான் ரெண்டு நாள் லீவு போட்டு வந்தா சரியாகாது, திரும்பி வர்ற இடம் அதே இடம்தானே.

இங்க ஒரு சிக்கல், எல்லாருக்கும் ஒரே மருந்து ஒத்து வராது. கிறிஸ்டினா நிப்பர்ட் எங்னு ஒரு சமூகவியலாளர் 1990கள்லயே, ரிமோட்லாம் பரவறதுக்கு முன்னாடியே, சொன்னது இது. சிலர் பிரிக்கறவங்க, வீட்டுச் சாவி தனி வளையம், ஆபீஸ் சாவி தனி வளையம், ஆபீஸ் விஷயம் வீட்ல பேச மாட்டாங்க. சிலர் கலக்கறவங்க, எல்லாச் சாவியும் ஒரே கொத்து, ஒரே காலண்டர், மத்தியானம் குழந்தையை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்துட்டு ராத்திரி ரெண்டு மணி நேரம் வேலை பாப்பாங்க, அதுல அவங்களுக்கு நிம்மதி. நிறைய பேர் நடுவுல எங்கயோ இருப்பாங்க. பிரிக்கறவரைக் கலக்கச் சொன்னாலும் கஷ்டம், கலக்கறவரைப் பிரிக்கச் சொன்னாலும் கஷ்டம். நான் பிரிக்கற கட்சி, சாயங்காலம் லேப்டாப்பைப் பீரோக்குள்ள வெச்சுப் பூட்டினாதான் எனக்குத் தூக்கம்.

அப்ப "ஃப்ளெக்ஸிபிள் டைமிங்"னு வேலை விளம்பரத்துல போடறாங்களே, அதைப் பாத்தா ஒரே கேள்வி கேளுங்க: யாரு வளையணும்? வேலை உங்களுக்காக வளையுதுன்னா அது சலுகை. நீங்க வேலைக்காக எந்நேரமும் வளையணும்னா அதுக்குப் பேரு வேற.

## வீட்ல இருந்தா வேலை நடக்குமா நடக்காதா?

இதுக்கு ஒரு நல்ல பரிசோதனை இருக்கு, முழுசா சொல்றேன், ஏன்னா இதை ரெண்டு கட்சியும் பாதி பாதியா பிச்சு எடுத்துக்கறாங்க.

சீனாவுல சிட்ரிப்னு ஒரு பெரிய டிராவல் கம்பெனி. 2010 கடைசில அவங்க கால் சென்டர் ஊழியர்கள்ல யாருக்கு வீட்ல இருந்து வேலை பாக்க விருப்பம்னு கேட்டாங்க. விருப்பப்பட்டவங்கள்ல தகுதி உள்ளவங்களை, அதாவது தனி ரூமும் இன்டர்நெட்டும் இருக்கணும், பிறந்த தேதி இரட்டைப்படையா ஒற்றைப்படையான்னு பாத்துப் பிரிச்சாங்க. இரட்டைப்படைக்காரங்க வாரத்துக்கு நாலு நாள் வீடு, ஒரு நாள் ஆபீஸ். ஒற்றைப்படைக்காரங்க வழக்கம்போல ஆபீஸ். ஒன்பது மாசம் ஓடுச்சு. ஸ்டான்ஃபோர்டு பொருளாதாரப் பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூமும் அவரோட குழுவும் அளந்தாங்க.

வீட்ல இருந்தவங்க வேலை 13% கூடுச்சு. அதுல பெரும்பங்கு, சுமார் 9%, ஷிஃப்ட்ல அதிக நிமிஷம் வேலை பாத்ததால, பிரேக்கும் உடம்பு சரியில்லாத லீவும் குறைஞ்சதால. மீதி 4% ஒரு நிமிஷத்துக்கு எடுத்த ஃபோன் கால் கூடினதால, வீட்ல சத்தம் குறைவுன்னாங்க. வேலையை விட்டுப் போறவங்க எண்ணிக்கை பாதியாச்சு. ரிமோட் கட்சி இதோட நிறுத்திக்கும்.

மீதி கதை: அதே அளவு நல்லா வேலை பாத்தாலும் வீட்ல இருந்தவங்களுக்கு ப்ரமோஷன் வாய்ப்பு குறைஞ்சுது. கண்ணுல படலல்ல, சாட்சி இல்ல. தனிமையும் பெரிய புகாரா வந்துச்சு. முடிஞ்சதும் கம்பெனி எல்லாருக்கும் "எது வேணுமோ எடுத்துக்கோங்க"ன்னு விட்டப்போ, பரிசோதனைல இருந்தவங்கள்ல பாதிக்கு மேல பேர் தங்களோட பழைய முடிவை மாத்திக்கிட்டாங்க. அப்படி மாத்திக்க விட்டதும், 13%ஆ இருந்த அந்த வேலைக் கூடுதல் 22% கிட்ட போச்சு. யாருக்கு எது ஒத்து வரும்னு செஞ்சு பாத்தப்புறம்தான் அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு, எனக்கு இந்த ஆராய்ச்சிலயே ரொம்பப் பிடிச்ச விஷயம் அந்த 13% இல்ல, இதுதான்.

அதே கம்பெனி, இப்ப ட்ரிப்.காம்னு பேரு, 1,612 பேரை வெச்சு ஹைப்ரிட் பரிசோதனை நடத்தி 2024ல முடிவு வெளியாச்சு. இதுல கால் சென்டர் இல்ல, இன்ஜினியரிங், மார்க்கெட்டிங், ஃபைனான்ஸ் ஆட்கள். வாரத்துக்கு ரெண்டு நாள் வீடு. வேலைத் திறன்ல வித்தியாசம் இல்ல, ப்ரமோஷன்லயும் இல்ல, ஆனா வேலையை விடறது மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது. வாரத்துல சில நாள் முகம் தெரிஞ்சா சாட்சி பிரச்சனை தீந்துடுது போல.

காது வேலை மட்டும் உண்மையாவே அடி வாங்குது. 2020 முதல் பாதில மைக்ரோசாஃப்டோட 61,182 அமெரிக்க ஊழியர்களோட தொடர்புகளை ஆராய்ஞ்சாங்க. முழு ரிமோட் ஆனதும் எல்லாரும் தங்களோட நெருங்கின டீமோடயே பேசிக்கிட்டாங்க, டீமுக்கு டீம் பாலமா இருந்த லேசான தொடர்புகள் குறைஞ்சுது. வேலை நின்னுடல, ஆனா ஒவ்வொரு டீமும் தனித் தனித் தீவாச்சு. "ஆபீஸ்தான் வேணும்"ங்கறவங்க கிட்ட இருக்கற பலமான வாதம் இதுதான், ஆனா அவங்க பெரும்பாலும் இதைச் சொல்லாம துணி மடிக்கற கதையைத்தான் சொல்றாங்க.

## கட்டிடம் இல்லாம அந்த வேலைகளை எப்படிச் செய்யறது?

ஃபோன் கால், கடிதம் ரெண்டையும் யோசிங்க. கால்னா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இருக்கணும். கடிதம்னா நான் எழுதறப்போ நான், நீங்க படிக்கறப்போ நீங்க. கடிதம் மாதிரி வேலை பாக்கறதுக்கு அசிங்க்ரனஸ், சுருக்கமா அசிங்க்னு பேரு. (தமிழ்ல சொன்னா வேற மாதிரி கேக்குது, என்ன பண்றது.) ஒரே நேரத்துல எல்லாரும் ஆன்லைன்ல இருக்கணும்ங்கற கட்டாயம் இல்லாம, விஷயத்தை முழுசா எழுதி வெச்சுட்டு அவங்கவங்க நேரத்துல படிச்சுப் பதில் போடறது.

ரிமோட்ல சொதப்பற கம்பெனிகள்ல பாதி, ஆபீஸ் பழக்கத்தை அப்படியே தூக்கி வீடியோ காலுக்குள்ள போட்டவங்கதான். 2020 ஊரடங்கு சமயத்துல 31 லட்சம் பேரோட மெயிலையும் மீட்டிங்கையும் வெச்சு ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு, மீட்டிங் எண்ணிக்கை கூடிருக்கு, ஒவ்வொரு மீட்டிங்கும் சின்னதாயிருக்கு, வேலை நாள் சராசரியா 48.5 நிமிஷம் நீண்டிருக்கு. காதுல தானா விழுந்த சேதியெல்லாம் இப்ப ஆளுக்கு ஒரு காலண்டர் இன்வைட்டா வருது.

நல்லா பண்றவங்க எழுதறாங்க. கிட்லேப்னு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி, ஆரம்பத்துல இருந்தே முழு ரிமோட், அவங்க வேலை செய்யற முறையை மொத்தமா ஒரு கையேடா எழுதி யார் வேணா படிக்கற மாதிரி போட்டிருக்காங்க. முடிவு என்ன, ஏன் எடுத்தோம், யாரைக் கேக்கணும், எல்லாம் எழுத்துல. அதுல காது வேலை ஓரளவு நடந்துடுது. என்ன முடிச்சீங்கன்னு எழுத்துல தெரியறதால பச்சைப் புள்ளிக்கு வேலை இல்ல, அப்ப சாட்சியும் ஆச்சு. கதவு? "சாதாரண மெசேஜுக்கு ஒரு நாளைக்குள்ள பதில் போதும், நெஜமாவே தீ பிடிச்சா ஃபோன் பண்ணுங்க"ன்னு எழுதி வெச்சாலே பாதிக் கதவு மூடிடும்.

ஆனா எழுதறதுக்கும் ஒரு விலை இருக்கு. நேரம் பிடிக்கும், எழுத்து நல்லா வராதவங்க பின்தங்குவாங்க, மனஸ்தாபத்தை எழுத்துல தீத்தவங்க யாரும் இல்ல. சண்டைன்னா கால் பண்ணிப் பேசிடுங்க. புதுசா வேலைக்குச் சேந்த சின்னப் பசங்களுக்கும் கையேடு மட்டும் பத்தாது, பக்கத்துல உக்காந்து பாத்துக் கத்துக்கறது வேற. அதனால முழு ரிமோட் கம்பெனிகள்ல பலரும் வருஷத்துல சில நாள் எல்லாரையும் ஒரே இடத்துல கூட்டறாங்க.

சில நாடுகள் கதவு வேலையைச் சட்டத்துகிட்ட குடுத்திருக்கு. வேலை நேரம் தாண்டித் தொடர்புல இருக்க மாட்டேன்னு சொல்ற உரிமை ஃபிரான்ஸ்ல 2017 ஜனவரில அமலுக்கு வந்துச்சு, போர்ச்சுகல் 2021ல சட்டம் போட்டுச்சு, ஆஸ்திரேலியாவுல 2024 ஆகஸ்ட்ல பெரிய கம்பெனிகளுக்கும் அடுத்த வருஷம் சின்னக் கம்பெனிகளுக்கும் வந்துச்சு. சட்டம் இருந்தா "முடியாது"ன்னு சொல்றவருக்கு ஒரு பிடிமானம். ஆனா மேனேஜர் தம்ஸ்அப் போடற கதையைச் சட்டம் தொட முடியாது, பதில் போட்டவருக்குத்தான் அடுத்த நல்ல ப்ராஜெக்ட் போகுதுன்னா எல்லாரும் பதில் போடத்தான் செய்வாங்க.

## இன்டர்வியூல என்ன கேக்கலாம்?

"உங்க கல்ச்சர் எப்படி"ன்னு கேட்டா ரெண்டாவது அடுக்குல இருந்துதான் பதில் வரும், போஸ்டர்ல இருக்கறதை ஒப்பிப்பாங்க. நடந்ததைக் கேளுங்க. போன வாரம் எத்தனை மீட்டிங் இருந்துச்சு? ஒரு பெரிய முடிவு கடைசியா எடுத்தப்போ அது எங்க எழுதியிருந்துச்சு? ரிமோட்ல இருக்கற யாருக்காவது சமீபத்துல ப்ரமோஷன் கெடச்சுதா? ஹைப்ரிட்னா, மேனேஜர் எந்த நாள் ஆபீஸ் வர்றாரோ அந்த நாள்தான் எல்லாரும் வர்றாங்களா?

நான் தவறாம கேக்கறது வேற ஒண்ணு. எதிர்ல உக்காந்து என்னை இன்டர்வியூ பண்றவர்கிட்டயே கேப்பேன்: "நீங்க கடைசியா ஒரு வாரம் லீவு போட்டப்போ உங்க வேலையை யாரு பாத்துக்கிட்டாங்க?" ஒருத்தர் டக்குனு ஒரு பேரைச் சொல்லி, ஹேண்ட்ஓவர் நோட் எப்படி எழுதினார்னு வரை சொன்னாரு. இன்னொருத்தர் சிரிச்சாரு, கொஞ்ச நேரம் யோசிச்சாரு, அப்புறம் "லேப்டாப் எடுத்துட்டுதான் போயிருந்தேன்"னாரு.